பரீட்சைக்கு ஒரு வாய்

ராயபுரம்,
10 ஜூலை 1955

அன்புள்ள வால்டர் மாமாவுக்கு,

ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். விசாகப்பட்டினத்தில் உங்கள் உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது என்று ஞாயிறுதோறும் அம்மா ஒரு மெழுகுவத்தி ஏற்றுகிறாள்.

எனக்கு இடம் கிடைத்துவிட்டது மாமா. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பல் வைத்தியப் பிரிவு ஒன்று புதிதாகத் திறந்திருக்கிறார்கள். அதில் இரண்டு வருடப் படிப்பு. டாக்டர் படிப்பு இல்லை, நர்ஸ் படிப்பும் இல்லை. டென்டல் ஹைஜினிஸ்ட் என்று பெயர். பல்லைப் பிடுங்குவது டாக்டர் வேலை. பிடுங்கும்படி ஆகாமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுக்க வேண்டும், ஈறுகளைக் கவனிக்க வேண்டும், பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பல் துலக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "டீச்சர் ட்ரெயினிங் போவாம கண்டவன் வாயில கைய வுட்டுகினு நிக்கப் போறியா? அப்புறம் எவன் உன் கையால சோறு துண்ணுவான்?" என்று ஓயாமல் கேட்கிறாள். அப்பா போன பிறகு அவள் காது கொடுப்பது உங்கள் பேச்சுக்கு மட்டும்தான். நீங்கள் ஒரு வரி எழுதினால் அடங்குவாள்.

எங்கள் ஆசிரியை மிஸ் ஆலிஸ், பம்பாயில் படித்தவர். முதல் நாளே எங்களை வரிசையாக நிற்கவைத்து ஒருவர் வாயை ஒருவர் பார்க்கச் சொன்னார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "இந்தக் கூச்சத்தை மறக்காதீர்கள். உங்களிடம் வருகிற ஒவ்வொருவரும் இதோடுதான் வருவார்கள்" என்றார். எனக்கு அவரை அந்த நிமிஷமே பிடித்துவிட்டது.

தங்கள் அன்பு மருமகள்,
டோரதி

விசாகப்பட்டினம்,
2 ஆகஸ்ட் 1955

டோரதிக் கண்ணுக்கு மாமன் ஆசீர்வாதம்.

இங்கே மழை, சேறு, மீன் குழம்பு மூன்றும் நன்றாயிருக்கின்றன. அவற்றைவிடக் கொஞ்சம் குறைவாக நானும் நன்றாயிருக்கிறேன்.

பல்லுக்கு ஒரு காலேஜா? இனி முழங்கைக்கு ஒன்றும் காது மடலுக்கு ஒன்றும் திறந்துவிட்டால் ராஜ்யம் தேறிவிடும். நீ எழுதிய அந்தப் பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், நாக்கு சுளுக்கிக்கொண்டது.

ஆனாலும் உன் அம்மாவுக்குத் தனியாக எழுதிப் போட்டுவிட்டேன். நான் செய்கிற வேலை என்ன? கப்பலைக் கரையேற்றி, அதன் அடியில் ஒட்டிக்கிடக்கும் பாசியையும் சிப்பிபோல் இறுகிய கொட்டலசையும் சுரண்டுகிற கூட்டத்துக்கு மேஸ்திரி. அதையே இந்தப் பெண் மனிதருக்குச் செய்யப் போகிறாள், குடும்பத் தொழிலில் என்ன குறை கண்டாய் என்று கேட்டேன். வித்தியாசம் ஒன்றுதான், என் கப்பல்கள் கடிப்பதில்லை. நீ ஜாக்கிரதையாக இரு.

இங்கே கோயில் பாட்டுக் குழுவில் சேர்ந்தேனா என்று உன் அம்மா விசாரித்தாளாம். சேரவில்லை. தொண்டை சரியில்லை. பின்வரிசையில் நின்று கேட்டுக்கொள்கிறேன். முறுக்கு வந்து சேர்ந்தது, எதிர்வீட்டுப் பிள்ளைகள் ஒரே நாளில் தீர்த்துவிட்டார்கள்.

நன்றாகப் படி. நம் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்தவள் நீதான். என் கூட்டத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

உன் மாமன்,
வால்டர்

ராயபுரம்,
18 அக்டோபர் 1955

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் தொண்டை இப்போது எப்படி இருக்கிறது? அம்மா சுக்கு தட்டி அனுப்பச் சொல்கிறாள். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, கொசுவைத் தவிர.

முதலில் பிளாஸ்டரில் செய்த பல்லில் பழகினோம். கையைக் காற்றில் வைத்துச் சுரண்டினால் ஈற்றைக் கிழித்துவிடும். மோதிர விரலைப் பக்கத்துப் பல்லில் ஊன்றிக்கொண்டு, மணிக்கட்டை மட்டும் அசைத்து இழுக்க வேண்டும். எனக்கு வரவே இல்லை. அதனால் எறா விற்க வரும் காத்திவாக்கம் முத்தம்மாவிடம் ஆளிச் சிப்பி ஓடுகள் கொண்டுவரச் சொன்னேன். ஓட்டின் மேல் ஒட்டியிருக்கும் கொட்டலசை, ஓட்டில் கீறல் விழாமல் எடுத்துப் பழகுகிறேன். முதல் கூடை முழுக்கப் பாழ். முத்தம்மா பார்த்துவிட்டு, "இன்னாமே இது, துண்றத வுட்டுட்டு ஓட்ட வெச்சிகினு குந்திகினு கீறே? படிச்சா இப்டியா ஆவும்?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நேற்று ஒரு ஓட்டைக் கீறலில்லாமல் முடித்து மிஸ் ஆலிஸிடம் காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதைத் தன் மேஜைமேல் வைத்துக்கொண்டார். அன்று சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இந்த வாரம் பயோரியா என்கிற ஈறு நோயைப் பற்றிப் பாடம். மிஸ் ஆலிஸ் சொன்னார்: "நோயாளி பல்லைப் பற்றிப் பேசவே மாட்டார். முதலில் முறுக்கை விடுவார், பிறகு கறியை விடுவார், கடைசியில் கஞ்சிக்கு வருவார். கேட்டால் வயிறு சரியில்லை என்பார்."

மாமா, அம்மா அனுப்பிய முறுக்கில் ஒன்றாவது நீங்கள் சாப்பிட்டீர்களா? பல் துலக்கும்போது ரத்தம் வருகிறதா? மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
டோரதி

விசாகப்பட்டினம்,
20 டிசம்பர் 1955

டோரதிக்கும் உன் அம்மாவுக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து.

பதில் தாமதமாகிவிட்டது. பெரிய கப்பல் ஒன்று வந்திருந்தது, அடியில் ஒரு காடே வளர்ந்திருந்தது. ஆளி ஓட்டில் பழகினாய் என்று படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. கப்பல் இரும்பு, அடித்துத் தட்டலாம். நீ செய்வது அப்படி இல்லை. கையை நம்புகிற வேலை. உன் கடிதத்தை என் கூட்டத்தாருக்கு உரக்கப் படித்துக்காட்டினேன், முத்தம்மா பேசியதைத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள்.

இங்கே குளிர் அதிகமில்லை. சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை, காலையும் மாலையும் கஞ்சி வைத்துக்கொள்கிறேன், ஒற்றை ஆளுக்கு அதுதான் சௌகரியம். கூட்டத்தோடு எடுத்த படம் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். உன் அம்மாவிடம் காட்டு.

மாமன்,
வால்டர்

ராயபுரம்,
15 ஜனவரி 1956

அன்புள்ள மாமாவுக்கு,

வாழ்த்தும் படமும் கிடைத்தன. எல்லோரும் சௌக்கியம்.

போன வாரம் திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். மரத்தில் செய்த பெரிய பல்வரிசையை வைத்து நான்தான் பாடம் நடத்தினேன். ஒரு குட்டிப் பெண், "டீச்சர், எங்க நைனா செங்கல் பொடி போட்டுத் தேய்க்க சொல்லுது, நான் ரெண்டு பேர்ல யார் பேச்ச கேக்கறது?" என்றாள். மிஸ் ஆலிஸ் சிரித்துவிட்டார். மறுநாளே அந்த நைனாவை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்து, நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணாடியில் அவருடைய தேய்ந்த பல்லை அவருக்கே காட்டினார். திட்டவே இல்லை. அவர் போகும்போது கும்பிட்டுவிட்டுப் போனார்.

இப்போது உங்கள் விஷயம். படத்தில் எல்லோரும் பல்லைக் காட்டிச் சிரிக்கிறார்கள். நீங்கள் மட்டும் வாயை இறுக்கிக்கொண்டு, மீசைமேல் கையை வைத்திருக்கிறீர்கள். பாட்டு இல்லை, முறுக்கு இல்லை, இரண்டு வேளையும் கஞ்சி. நான் கேட்ட கேள்விக்குப் பதிலும் இல்லை. மாமா, உங்கள் ஈறு கெட்டிருக்கிறது. நான் பார்க்காமலே சொல்வேன். இப்படியே விட்டால் பல் எல்லாம் ஆடி விழும். ஒரு வாரம் லீவு போட்டு வாருங்கள், மிஸ் ஆலிஸிடம் சொல்லி நானே கூட நின்று பார்க்கிறேன். வராவிட்டால் அம்மாவிடம் சொல்லிவிடுவேன்.

டோரதி

விசாகப்பட்டினம்,
1 பிப்ரவரி 1956

டோரதிக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாக இருங்கள்.

படிக்கப் போனவள் படிப்பைப் பார். மாமன் என்ன தின்கிறான், எப்படிச் சிரிக்கிறான் என்று ஆராய்ச்சி செய்வதற்கு உன்னை யாரும் காலேஜுக்கு அனுப்பவில்லை. என் வாய் என் சொந்த விஷயம். இனி அதைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் நான் பதில் போடமாட்டேன். உன் அம்மாவிடம் எதுவும் சொல்லவேண்டாம்.

வால்டர்

ராயபுரம்,
6 ஜனவரி 1957

அன்புள்ள மாமாவுக்கு டோரதியின் வணக்கம்.

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கலாம் அல்லவா? கேட்கிறேன். இத்தனை மாதமாக அம்மா எழுதிய கடிதங்களின் ஓரத்தில் ஒரு வரி சேர்த்ததோடு சரி. உங்கள்மேல் கோபம் இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். முதல் நாள் நான் வாயைத் திறக்க எப்படி வெட்கப்பட்டேன் என்பதை மறந்துவிட்டு, மிரட்டி விசாரிக்கிற போலீஸ்காரர் மாதிரி எழுதிவிட்டேன். உங்கள் வாயைப் பற்றி இனி நான் எழுதமாட்டேன், இது சத்தியம்.

மார்ச்சில் கடைசிப் பரீட்சை. எழுத்து, வாய்மொழி எல்லாம் ஒரு பக்கம். செய்முறைப் பரீட்சைதான் கண்டம். அதற்கு ஆளை நாங்களே அழைத்து வர வேண்டும். காரை கட்டி, ஈறு வீங்கிய வாயாக இருக்க வேண்டும். பரீட்சகர் முதலில் பார்ப்பார், நான் சுத்தம் செய்வேன், பிறகு அவர் பார்ப்பார். வாயில் அழுக்குப் போதாவிட்டால் பரீட்சையே கிடையாது, அடுத்த வருடம்தான்.

ஆள் கிடைத்துவிட்டார். அடுத்த தெரு அமீருதீன் அண்ணன், துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டுகிறாரே, அவர்தான். சின்ன வயசிலிருந்து வெற்றிலை, புகையிலை. கீழ்ப்பல்லின் பின்பக்கம் பாறையே இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு லாட்டரி விழுந்த மாதிரி இருந்தது. அவரும், "நம்ம பொண்ணு பாஸாவறதுக்கு நம்ம வாயி ஒதவுதுன்னா, எட்த்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டார். அவர் மனைவி பதுருன்னிசா அக்காவுக்குத்தான் என்னவோ போல இருந்தது.

எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

டோரதி

விசாகப்பட்டினம்,
20 ஜனவரி 1957

டோரதிக் கண்ணு,

உன் கையெழுத்தை உறைமேல் பார்த்ததும் வேலையை விட்டுவிட்டுக் கப்பல் நிழலில் உட்கார்ந்து படித்தேன். நானும் காரமாக எழுதிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே. எனக்கு உடம்பு பரவாயில்லை.

ஊரெல்லாம் சுத்தமான ஆளைத் தேடும். என் மருமகள் அழுக்கான வாயைத் தேடிக்கொண்டு தெருத் தெருவாகப் போகிறாள். அமீருதீனை எனக்கு நன்றாகத் தெரியும், தங்கமான தோஸ்து. நாம் சின்னதாக நினைக்கிற இடத்தில் இவ்வளவு படிப்பும் பொறுமையும் இருக்கிறது என்று உன்னால்தான் எனக்குத் தெரிந்தது. நீ ஜெயிப்பாய். ஜெயிக்காவிட்டால் அந்தப் பரீட்சகரின் பல்லை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

மாமன்,
வால்டர்

ராயபுரம்,
18 மார்ச் 1957

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் நலமா? நான் நலமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான்.

இன்று காலை பரீட்சை. அமீருதீன் அண்ணன் இஸ்திரி போட்ட சட்டை, அத்தர் வாசனை எல்லாமாக அக்காவோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பரீட்சகர் வாயைத் திறக்கச் சொன்னார். மாமா, உள்ளே பளபளவென்று இருந்தது. ஒரு கடுகளவு காரை இல்லை. ஈறு மட்டும் அங்கங்கே கிழிந்து சிவந்திருந்தது. "இந்த வாயில் நீ என்னம்மா செய்யப் போகிறாய்?" என்று பரீட்சகர் கேட்டார்.

நடந்தது இதுதான். பதுருன்னிசா அக்கா நேற்று முழுக்க உப்பும் அடுப்புக்கரியும் போட்டு அவரைத் தேய்க்க வைத்திருக்கிறார். அது போதாதென்று மண்ணடியில் நடைபாதையில் பெட்டி வைத்துப் பல் சுத்தம் செய்கிற ஒருவரிடம் கூட்டிப் போய்ச் சுரண்டி எடுத்திருக்கிறார். "பெரிய பெரிய டாக்டருங்க முன்னாடி இவ்ளோ கலீஜான வாய கூட்டியாந்தா உனுக்குத்தானேம்மா கெட்ட பேரு? எம் புள்ள மாதிரி நீ, உன்ன அப்டி வுடுவனா?" என்று கேட்டார். விஷயம் தெரிந்ததும் அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டார். நான் எப்படிக் கோபித்துக்கொள்வது? அமீருதீன் அண்ணன், "பேஜாரா பூட்ச்சேம்மா" என்று சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

மிஸ் ஆலிஸ் எனக்காகப் பரீட்சகரிடம் வாதாடினார். வருகிற 28-ஆம் தேதி வேறு ஆளை அழைத்து வரலாம், இல்லாவிட்டால் அடுத்த வருடம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வருடம்வரை அம்மா என்னை வீட்டில் வைத்திருக்கமாட்டாள், வரன் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தெருவில் கேட்டுப் பார்த்தேன். விஷயம் பரவி, சிலர் நான் கேட்டாலே தங்கள் வாயை அழுக்கென்று சொல்கிறேன் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். மற்றவர்கள், நான் வருகிறேன் என்று தெரிந்தாலே ஓடிப்போய்ப் பல் தேய்க்கிறார்கள்.

உங்களிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது, சொல்லிவிட்டேன். வேறு ஒன்றும் இல்லை.

டோரதி

விசாகப்பட்டினம்,
22 மார்ச் 1957

டோரதிக்கு ஆசீர்வாதம்.

நீ சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டாய். கேட்காமலே விட்டாய்.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். மெயில் வண்டியில் வருகிறேன், 26-ஆம் தேதி வீட்டில் இருப்பேன். உன் அம்மா என்னைப் பார்த்ததும் பேச்சுக்கொடுப்பாள், நான் அதிகம் பேசவில்லையென்றால் தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்று முன்னதாகவே சொல்லிவை. உனக்கு வேண்டியது என்னிடம் நிறைய இருக்கிறது.

வால்டர்

ராயபுரம்,
5 மே 1957

அன்பான என் மாமாவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்து உடம்பு சரியாக இருக்கிறீர்களா? டாக்டர் எடுத்த இரண்டு பல்லின் இடம் ஆறிவிட்டதா? உப்புத் தண்ணீர் கொப்பளிப்பதை விடாதீர்கள். நான் கொடுத்த பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேருகிற இடத்தில் வைத்துச் சுழற்ற வேண்டும், கப்பலைத் தேய்க்கிற மாதிரி தேய்க்கக்கூடாது.

முடிவு வந்துவிட்டது. நான் பாஸ். செய்முறையில் முதலிடம். நான் சுத்தம் செய்த உங்கள் கீழ்வரிசையில் பரீட்சகர் ஊசியை வைத்துத் தேடினார் அல்லவா, தேடியும் ஒன்றும் அகப்படவில்லை என்று மிஸ் ஆலிஸிடம் சொன்னாராம். ஜூலையிலிருந்து அதே பிரிவில் வேலை. முதன்முதலில் பள்ளிக்கூடங்களுக்குப் போகிற வண்டியில் என்னைப் போட்டிருக்கிறார்கள். அம்மா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பாயசம் கொடுத்தாள். பதுருன்னிசா அக்கா எனக்கு நெட்டி முறித்துத் திருஷ்டி கழித்தார்.

ஒன்று மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் உங்கள் கண்ணில் தண்ணீர் வந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன், நீங்கள் ஒன்றும் காட்டவில்லை. கை தவறி எங்கேயோ குத்திவிட்டேனோ? மாமா, இத்தனை வருடம் ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை? கேட்கமாட்டேன் என்று சத்தியம் செய்தவள்தான். சுத்தம் செய்தவளுக்கு ஒரு கேள்வி கேட்கப் பாத்தியதை உண்டு.

உங்கள்
டோரதி

விசாகப்பட்டினம்,
19 மே 1957

என் டோரதிக் கண்ணுக்கு,

நீயும் உன் அம்மாவும் நூறு வருஷம் நன்றாயிருக்க வேண்டும். புண் ஆறிவிட்டது. நீ சொன்னபடி கொப்பளிக்கிறேன், சொன்னபடி துலக்குகிறேன். இந்த வயசில் எனக்குப் பல் துலக்க ஒருத்தி கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது பார்.

நீ பாஸான சேதியைத் துறைமுகம் முழுக்கச் சொன்னேன். முதலிடம் என்று சொல்லும்போது வாயை நன்றாகத் திறந்தே சொன்னேன்.

கேள்விக்குப் பாத்தியதை கேட்டாய். சரி, எழுதுகிறேன். ராயபுரத்தில் பாட்டுக் குழுவில் என் பக்கத்தில் நின்று பாடுகிறவர் ஒருநாள் ஓர் அடி தள்ளி நின்றார். அடுத்த ஞாயிறு கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு பாடினார். நல்ல மனிதர், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. விசாகப்பட்டினத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பெயர் கொடுத்தேன். நல்ல வேலை என்று உன் அம்மாவிடம் சொன்னேன். எனக்கு வேண்டியிருந்தது, என்னைத் தெரியாத ஊர்.

அன்றைக்கு அந்த நாற்காலியில் சாய்ந்தபோது உன் பரீட்சையை நான் நினைக்கவே இல்லை, மன்னித்துக்கொள். உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வாயைத் திறந்ததும் எதிரில் இருக்கிறவர் தலை கொஞ்சம் பின்னால் போகும். அவர்களுக்கே தெரியாது, எனக்குத் தெரியும். அந்தப் பரீட்சகர் தலைகூடப் பின்னால் போயிற்று. அடுத்தது நீ. நானும் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நீ விளக்கைக் கிட்டே இழுத்தாய். விரலை என் பல்லில் ஊன்றினாய். பிறகு இன்னும் நெருங்கிக் குனிந்தாய்.

வலிக்கிறதா மாமா என்று கேட்டாய். வாய் திறந்திருந்தது, பதில் சொல்ல முடியவில்லை.

இல்லை கண்ணு. வலிக்கவில்லை.

உன் மாமன்,
வால்டர்